மொழிபெயர் தேயத்தில் மூன்று தலைமுறை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'அமெரிக்காவில் குடியேறியோரும் அவர்தம் தாய்மொழியும்' என்பது விழாக்குழுவினர் எனக்கு அளித்த பொருள். அந்நாட்டை நான் நூல்களின் வழியாகவும், நியூஜெர்சியில் வாழும் என் தமக்கையின் குடும்பத்தின் வழியாகவுமே அறிந்தவள். ஆயினும் தமிழ் இலக்கியம் பயிற்றுவிப்பவளுக்கு இப்பொருள் அயலானதன்று. சங்கப் பாடல்களில், சிறப்பாக மாமூலனார் பாடல்களில், 'மொழிபெயர் தேயம்' என்றொரு தொடர் வரும். பொருள் தேடிப் பிரிந்த தலைவன் வேங்கட மலைக்கு அப்பால், தன் மொழி வழங்காத நாட்டில் நடந்துகொண்டிருப்பான். தலைவி இங்கே மெலிந்திருப்பாள். அவன் மீண்டு வருவான் என்பதில் மட்டும் பாலைத் திணைக்கு ஐயமே இல்லை. மீளாதவனுக்கு அங்கே பாட்டில்லை. கடல் கடந்து செல்லும் பிரிவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியரும் விதி வகுத்துவிட்டார். பெண் வீட்டில் இருக்கும் வரையில் மொழியும் வீட்டில் இருந்தது. தலைவனும் தலைவியும் சேர்ந்தே கடல் கடந்து, அங்கேயே மகவு ஈன்று, அங்கேயே முதுமை எய்தும் வாழ்வுக்கு நம் பழைய இலக்கணத்தில் துறை இல்லை.

அத்துறையை முழுமையாகப் பாடியவர்கள் வேறொரு மொழியின் கவிஞர்கள். இன்று நான் பேசப் போவது பெரும்பாலும் அவர்களைப் பற்றித்தான். அமெரிக்காவில் மொழியிழந்த இனங்கள் பல. ஜெர்மானியர், நார்வேயர், இத்தாலியர், போலந்தினர் எனப் பட்டியல் நீளும். அவர்களுள் யித்திஷ் மொழி பேசிய யூதர்களை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம், இந்த அவை கவிஞர்கள் நிறைந்த அவை என்பதே.

யித்திஷ் என்பது ஜெர்மானிய அடித்தளத்தின்மீது எபிரேயச் சொற்களும் சிலாவியச் சொற்களும் கலந்து கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே வழங்கிய மொழி. எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதப்படுவது. வேதத்துக்கும் வழிபாட்டுக்கும் எபிரேயம். அடுப்படிக்கும் அங்காடிக்கும் தாலாட்டுக்கும் யித்திஷ். அதனை அவர்கள் 'மாமெ லோஷன்' என்றே அழைத்தனர். அம்மாவின் மொழி என்பது பொருள். 1881-க்கும் 1924-க்கும் இடையில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் நியூயார்க்கில் இறங்கி, லோயர் ஈஸ்ட் சைடு என்னும் பகுதியின் ஒண்டுக்குடித்தன அடுக்குவீடுகளில் தங்கித் தையற்கூடங்களில் உழைத்தனர்.

அவர்கள் வாய்மூடி உழைத்தவர்கள் அல்லர். 1897-இல் 'ஃபார்வர்ட்ஸ்' என்னும் நாளிதழ் அங்கே தோன்றியது. அதன் ஆசிரியராக நெடுங்காலம் விளங்கிய ஆபிரகாம் காஹன் 1906-இல் வாசகர் கடிதங்களுக்கென ஒரு பகுதி தொடங்கினார். ஓடிப்போன கணவனைத் தேடும் மனைவி முதல், தாயின் பேச்சுக்கு நாணும் மகனைப் பெற்றவள் வரை அதில் எழுதினர். அந்நாளிதழின் விற்பனை ஒரு காலத்தில் இரண்டு இலட்சம் படிகளைத் தாண்டியது. 1912-இல் ஈஸ்ட் பிராட்வே தெருவில் அதற்குப் பத்துமாடிக் கட்டடம் எழுந்தது. நாடக அரங்குகள் இருந்தன, பதிப்பகங்கள் இருந்தன, பள்ளி முடிந்து வரும் குழந்தைகளுக்கு மாலைநேர யித்திஷ் பள்ளிகள் இருந்தன. அப்பள்ளிகளுள் பலவற்றை நடத்திய அமைப்பின் பெயர் 'அர்பெடர் ரிங்'. தமிழில் சொன்னால் 'தொழிலாளர் வட்டம்'. வட்டம் என்னும் பெயரைக் கேட்டதும் உங்களில் சிலர் நிமிர்ந்து உட்காருவதைக் காண்கிறேன்.

கவிஞர்கள் இருந்தனர் என்பதே நமக்கு முதன்மையான செய்தி. 1907-ஐ ஒட்டி 'டி யுங்கெ', அதாவது 'இளையோர்' எனப்பட்ட ஒரு குழுவினர் எழுந்தனர். மானி லெய்ப் செருப்புத் தைப்பவர். ஸீஷெ லாண்டாவ் வீடுகளுக்கு வண்ணம் பூசுபவர். சைபீரியச் சிறைவாழ்விலிருந்து தப்பி வந்த லெய்விக் சுவர்களுக்கு அலங்காரத் தாள் ஒட்டுபவர். 'கோலெம்' என்னும் புகழ்மிக்க கவிதை நாடகத்தை 1921-இல் வெளியிட்டவரும் அவரே. மோய்ஷெ லெய்ப் ஹால்பெர்ன் 1919-இல் தம் முதல் தொகுப்பை நியூயார்க் நகரின் பெயராலேயே வெளியிட்டார். 1920-இல் யாக்கோப் கிளாட்ஸ்டெய்ன் முதலியோர் 'இன் ஸிக்' என்னும் இயக்கம் கண்டு, யாப்பைத் துறந்து, யித்திஷில் எழுதுபவன் எதை எழுதினாலும் அது யித்திஷ் கவிதையே என்று அறிவித்தனர். நம் 'எழுத்து' இதழ் 1959-இல் தோன்றுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், பகலெல்லாம் உடலுழைப்பில் கழித்தவர்கள் இரவில் உணவுக்கடை மேசைகளில் அமர்ந்து புதுக்கவிதை பற்றி வாதிட்டனர். அன்னா மார்கோலின் என்னும் பெண் கவிஞர் 1929-இல் ஒரே ஒரு தொகுப்பு வெளியிட்டார். இன்று அவரைப் பற்றி ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன.

இத்தனை செழிப்பும் எத்தனை தலைமுறை நின்றது? 1940-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், குழந்தைப் பருவத்தில் வீட்டில் பேசிய மொழி யாது என்று ஒரு பகுதியினரிடம் வினவப்பட்டது. அதன்வழி மதிப்பிடப்பட்ட கணக்கில் யித்திஷ் என்று கூறியோர் 17,51,100 பேர். அவர்களுள் வெளிநாட்டில் பிறந்தோர் 9,24,440. குடியேறியோரின் பிள்ளைகள் 7,73,680. பெற்றோரும் அமெரிக்காவிலேயே பிறந்த மூன்றாம் தலைமுறையினர் 52,980. மூன்றாம் தலைமுறை அன்று முழுதாகப் பிறந்து முடியவில்லை என்பது உண்மை. ஆகவே இவ்வெண்ணை மட்டும் கொண்டு தீர்ப்பெழுதுதல் முறையன்று. ஆனால் பின்வந்த ஆண்டுகள் இப்போக்கை மாற்றவில்லை. அந்நாளிதழ் 1983-இல் வார இதழாயிற்று; 2019-இல் அதன் யித்திஷ் அச்சுப்பதிப்பு நின்று இணையத்தில் மட்டும் தொடர்கிறது. பத்துமாடிக் கட்டடம் செல்வர்களின் குடியிருப்பாகிவிட்டது.

காரணம் யாது? அரசு தடை செய்தது என்று சொல்லிவிடலாமா? ஜெர்மன் மொழிக்கு அது ஓரளவு பொருந்தும். முதல் உலகப்போரின்போது, 1918 மே மாதத்தில், அயோவா மாநில ஆளுநர் பொது இடங்களிலும், வழிபாட்டிலும், தொலைபேசியிலும்கூட ஆங்கிலமன்றிப் பிற மொழி பேசலாகாது என்று ஆணையிட்டார். நெப்ராஸ்கா மாநிலம் 1919-இல் எட்டாம் வகுப்பு முடிக்காத குழந்தைகளுக்கு அயல்மொழி கற்பிப்பதைக் குற்றமாக்கியது. அச்சட்டத்தின்கீழ், பத்து வயதுக் குழந்தைக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்றுத்தந்த மேயர் என்னும் ஆசிரியருக்கு 25 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1923-இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. வழக்கில் ஆசிரியர் வென்றார். ஜெர்மன் பள்ளிகளோ பழைய நிலைக்கு மீளவில்லை. 2025 மார்ச்சில் ஆங்கிலமே ஆட்சிமொழி என அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பித்தபோது பலருக்கு இவ்வரலாறு நினைவுக்கு வந்திருக்கும்.

யித்திஷின் கதை வேறு. யித்திஷ் நாளிதழ்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அரங்குகளில் மக்கள் நிறைந்துதான் இருந்தனர். அப்போதே வீட்டுக்குள் மாற்றம் நிகழ்ந்துவிட்டது. பள்ளிக்குச் சென்ற குழந்தை ஓராண்டில் ஆங்கிலம் கற்றது. மருத்துவரிடமும் வீட்டுக்காரரிடமும் அம்மாவுக்காக அதுவே பேசிற்று. பத்து வயதுச் சிறுவன் தாயின் நோயைத் தாய்க்கே விளக்கிச் சொல்லும் வீட்டில், பெரியவர் சொல்லுக்கு என்ன மதிப்பு எஞ்சும்? அம்மா யித்திஷில் கேட்பாள்; பிள்ளை ஆங்கிலத்தில் விடையிறுப்பான். இருவரும் இதைப் பெரிதாக எண்ணவில்லை. புரிகிறதே, போதாதா என்றிருந்தனர். அவன் மணம் புரிந்து தனக்கொரு மகவு பிறந்தபோதுதான், கேட்டுப் பழகிய மொழியைப் பேசப் பழகவில்லை என்பது வெளிப்பட்டது. இதற்கிடையில் பெற்றோர், பிள்ளைகள் அறியக்கூடாத பணக்கவலைகளையும் உறவுச் சண்டைகளையும் பேசுவதற்கு யித்திஷை ஒளிவுமொழியாக வைத்துக்கொண்டனர். இங்கே நம் வீடுகளில் குழந்தைக்குத் தெரியக்கூடாது என்று ஆங்கிலத்தில் பேசுகிறோம்; அங்கே அவர்கள் அம்மாவின் மொழியில் பேசினார்கள். பூட்டிவைத்த அறை என்றே பிள்ளைகள் அம்மொழியை அறிந்தனர்.

இந்நிலையின் உள்ளியல்பைக் காட்டும் நாவல் ஒன்று உண்டு. ஹென்றி ராத் 1934-இல் எழுதிய 'கால் இட் ஸ்லீப்'. நாவல் ஆங்கிலத்தில்தான் உள்ளது. தாய் யித்திஷில் பேசுவனவற்றை அவர் தூய, கவித்துவம் மிக்க ஆங்கிலத்தில் தருகிறார். அதே மாந்தர் தெருவில் ஆங்கிலம் பேசும்போது, அது உடைந்தும் சிதைந்தும் ஒலிக்கிறது. ஒரே மனிதர் ஒரு மொழியில் வேந்தராகவும் மறுமொழியில் இரவலராகவும் வாழ்வதை இவ்வளவு எளிய உத்தியால் காட்டிய படைப்பு வேறொன்றை நான் படித்ததில்லை. நம் நாவலாசிரியர்கள் இதனைக் கற்றல் வேண்டும். வெளிவந்த காலத்தில் அந்நாவல் விரைவில் மறக்கப்பட்டது; 1964-இல் மலிவுப்பதிப்பாக வந்தபின் இலட்சக்கணக்கில் விற்றது. வாங்கியவர்களுள் பலர் அம்மொழியைப் பேசாத பேரப்பிள்ளைகளாகவே இருந்திருத்தல் கூடும்.

கலப்புமொழி பற்றியும் இவண் ஒன்று கூற விழைகிறேன். காஹன் தம் நாளிதழில் ஆங்கிலச் சொற்களைத் தாராளமாகக் கலந்தார். சாளரத்துக்கு யித்திஷ் சொல் இருக்க, 'விண்டோ' என்பதைத் திரித்து 'விண்டெ' என்று மக்கள் பேசினர். அவரும் அவ்வாறே அச்சிட்டார். அறிஞர்கள் வெகுண்டனர். 1940-இல் வில்னாவிலிருந்து நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்த யிவோ ஆய்வு நிறுவனத்தினர் மொழித்தரம் பேண அரும்பாடுபட்டனர். அவர்தம் அகராதிகளையும் இலக்கணங்களையும் நான் மதிக்கிறேன். தனித்தமிழில் பற்றுடையவள் என்பதால் அவர்களின் சினமும் எனக்கு அயலன்று. ஆயினும் 'விண்டெ' என்று சொன்ன தாயின் மகன் யித்திஷை இழந்தது அச்சொல்லால் அன்று. அவன் பேசத் தொடங்கும்போதெல்லாம் பிழை திருத்தப்பட்டான்; அல்லது அவனிடம் அம்மொழியில் யாரும் எதையும் கேட்கவில்லை. என் தமக்கை மகள் ஒருமுறை தொலைபேசியில், "சித்தி, நான் உங்களை மிஸ் பண்றேன்" என்றாள். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "தமிழில் சொல்" என்று அதட்டினார். அவள் சொன்னது தமிழ்தான் என்று நான் கருதுகிறேன். அதன்பின் அவள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள்.

கவிஞர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு வருகிறேன். 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் புதியவர்களின் வருகையைப் பெரிதும் அடைத்தது. நியூயார்க்கில் பிள்ளைகள் படிக்கவில்லையென்றால் என்ன, வார்சாவிலும் வில்னாவிலும் வாசகர் உண்டே என்று அக்கவிஞர்கள் ஆறுதல் கொண்டிருந்தனர். அந்த வாசகர்களை நாஜிகள் கொன்றனர். கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதர்களுள் மிகப் பெரும்பாலோர் யித்திஷ் பேசியவர்கள். ஒரு புறம் இயல்பான தேய்வு, மறுபுறம் படுகொலை. இடையில் அகப்பட்ட கவிஞர்கள் ஓயாது எழுதினர். கிளாட்ஸ்டெய்னின் ஆழமிக்க கவிதைகள் பல அதன்பின் எழுந்தவையே. 1971-இல் அவர் மறைந்தார்.

இவ்விடத்தில் தமிழை அதனோடு ஒப்பிடுவோர் நிதானம் கொள்ளுதல் வேண்டும். தமிழுக்குத் தாயகம் இருக்கிறது. ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பேசுகிறார்கள். நியூஜெர்சியில் ஒரு குழந்தை தமிழை மறந்தால் தமிழ் அழிந்துவிடாது. அழிவது ஒரு குடும்பத்துக்குள் ஓடும் இழை. 1860 முதல் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் காவடி எடுக்கிறார்கள். தமிழ்ப் பெயர் தாங்குகிறார்கள். தமிழ் பேசுவோரோ அவர்களுள் மிகச் சிலர். அது அமெரிக்காவிலும் நிகழ்வதற்குத் தடையொன்றும் எனக்குப் புலப்படவில்லை.

1969-இல் சிந்தியா ஓஸிக் என்னும் அமெரிக்க எழுத்தாளர் யித்திஷ் கவிஞர் ஒருவரை மையமாக வைத்து நெடுங்கதை ஒன்று எழுதினார். எடெல்ஷ்டெய்ன் என்பது அக்கற்பனைக் கவிஞரின் பெயர். நாற்பதாண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்தவர். மொழி சாகிறது என்று ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றிப் பிழைக்கிறார். அவர் நெஞ்சில் ஒரு பொறாமை எரிகிறது. சக எழுத்தாளர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளர்கள் வாய்த்துவிட்டனர், தமக்கு வாய்க்கவில்லை என்பதே அது. இறுதியில் யித்திஷ் படிக்கத் தெரிந்த ஓர் இளம்பெண்ணைக் கண்டு, தம்மை மொழிபெயர்க்குமாறு மன்றாடுகிறார். அவள் மறுத்துவிடுகிறாள். அக்கதையைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நம்முள் எத்தனை பேர் நூல் வெளியீட்டு விழாவிலேயே ஆங்கில மொழிபெயர்ப்புப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம்!

மொழிபெயர்ப்பை நான் இகழவில்லை. ஐசக் பாஷெவிஸ் சிங்கர் 1978-இல் நோபல் பரிசு பெற்றது யித்திஷ் படைப்புகளுக்காகவே. அவருடைய 'முட்டாள் கிம்பெல்' கதையை 1953-இல் ஆங்கிலமாக்கியவர் சால் பெல்லோ. அவரே யித்திஷ் பேசும் வீட்டில் வளர்ந்த இரண்டாம் தலைமுறைக்காரர். இரண்டாம் தலைமுறையில் இருமொழியும் உயிரோடு இருந்தமையால் அது கைகூடியது. மூன்றாம் தலைமுறைக்குப் பிறகு மொழிபெயர்க்கப் பல்கலைக்கழகம் சென்று அம்மொழியைப் புதிதாகப் பயில வேண்டியிருந்தது. நம் ஏ.கே. ராமானுஜனும் சிகாகோவிலிருந்துதான் 1967-இல் குறுந்தொகைப் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் தந்தார். அமெரிக்கத் தமிழ்க் குழந்தை ஒன்று குறுந்தொகையை முதன்முதலில் அறிவது அந்நூலின் வழியாகவே இருக்கலாம். மாமூலனார் சொன்ன 'மொழிபெயர் தேயம்' என்பதற்கு இன்று வேறொரு பொருளும் சேர்ந்துவிட்டது.

1980-இல் ஆரன் லான்ஸ்கி என்னும் இளம் மாணவர், பெரியவர்கள் இறந்தபின் யித்திஷ் நூல்கள் குப்பையில் எறியப்படுவதைக் கண்டு, வீடு வீடாகச் சென்று சேகரிக்கலானார். எழுபதாயிரம் நூல்களே எஞ்சியிருக்கும் என அறிஞர்கள் கணித்தனர். அவருக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் கிடைத்தன. நூலைக் கொடுக்கும் முதியவர்கள் அவரை எளிதில் அனுப்பிவிடுவதில்லை. அமரவைத்து, உண்ணவைத்து, ஒவ்வொரு நூலாக எடுத்து, இதை எப்போது வாங்கினோம், எந்த வேலையிழப்புக் காலத்தில் பட்டினி கிடந்து வாங்கினோம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தம் பிள்ளைகள் கேட்க முன்வராத கதையை முன்பின் அறியாத இளைஞரிடம் அவர்கள் சொன்னார்கள்.

யித்திஷ் இறந்துவிட்டதா என்றால், இல்லை. புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கிலும், நியூயார்க் மாநிலத்தின் கிரியாஸ் ஜோயல் ஊரிலும், ஹசிதியர் எனப்படும் பழைமைநெறி யூதர்களின் குழந்தைகள் இன்றும் தெருவில் யித்திஷில் சண்டையிட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் மொழிக்காக விழா எடுத்தவர்கள் அல்லர். அது அவர்களின் வீட்டிலும் பள்ளியிலும் அங்காடியிலும் வழங்குகிறது, அவ்வளவே. ஆனால் ஹால்பெர்னையும் கிளாட்ஸ்டெய்னையும் அவர்கள் படிப்பதில்லை. சமயநெறிக்குப் புறம்பான நூல்கள் அங்கே விலக்கப்பட்டவை. கவிதையைப் போற்றியோரின் பேரர்கள் மொழியை இழந்தனர். மொழியைக் காத்தோரின் பேரர்கள் அக்கவிதையை அறியார். இதற்குத் தீர்வு என்னிடம் இல்லை. அவர்களைப்போல் மதில் எழுப்பிக்கொண்டு வாழுமாறு தமிழரிடம் கூறவும் நான் ஒருப்படேன்.

யித்திஷ் இல்லத்தில் வளர்ந்து மொழியியல் அறிஞரான ஜோஷுவா ஃபிஷ்மன் 1991-இல் எழுதிய நூலில், தேயும் மொழியை மீட்பதற்கு எட்டுப் படிகள் கொண்ட ஓர் அளவுகோல் வகுத்தார். ஆட்சி, ஊடகம், பல்கலைக்கழகம் ஆகியன மேற்படிகள். வீட்டில் தலைமுறை தலைமுறையாக மொழி கைமாறுதல் நடுவில் வரும் படி. அப்படி இன்றேல் ஏனையவற்றால் பயன் சிறிது என்பது அவர் துணிபு. அமெரிக்கத் தமிழர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்காக 60 இலட்சம் டாலர் திரட்டினர். 2017-இல் தமிழக அரசும் பத்துக் கோடி ரூபாய் வழங்கியது. பெருமைப்படத்தக்க செயல். வார இறுதிகளில் இரவல் வகுப்பறைகளில் 'அ, ஆ' கற்பிக்கும் அங்குள்ள பெண்களின் உழைப்பை அதனினும் பெரிதாக நான் கருதுகிறேன். அவர்களும் இரண்டு மணி நேரத்தில் கற்பித்ததை வீட்டின் இரவுணவு மேசை மறக்கச் செய்துவிடுகிறது என்றே வருந்துகிறார்கள்.

காத்யா மோலோடோவ்ஸ்கி என்னும் பெண் கவிஞர் 1935-இல் அமெரிக்கா வருவதற்கு முன் வார்சாவில் ஆசிரியராக இருந்தவர். தம் மாணவக் குழந்தைகளுக்காகப் பாடல்கள் எழுதினார். அவருடைய கடுமையான கவிதைகளை அறியாதவர்களும் அக்குழந்தைப் பாடல்களை அறிவர். இவ்வட்டம் பத்தாண்டுகளில் வெளியிட்ட தொகுப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். குழந்தைக்கென எழுதிய பாடல் ஒன்றையும் அவற்றில் காணேன். அழ. வள்ளியப்பாவோடு அப்பணி முடிந்துவிட்டதாக நாம் எண்ணிவிட்டோம் போலும்.

ஆதலின் பதினோராம் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் உறுப்பினர்களில் பலருக்குப் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது என்னும் நிலையில் அவர்களுள் பலர் உள்ளனர். அவர்களுக்கு அச்சிட்ட நூலை அனுப்பிப் பயனில்லை. திங்கள்தோறும் ஒரு கூட்டத்தின் இறுதியில், இரு கவிஞர்கள் குழந்தைக்கான பாடல் ஒன்றையோ கதை ஒன்றையோ தம் குரலிலேயே சொல்லட்டும். அதனைப் பதிவு செய்து, எந்தக் குழந்தைக்கு என்று பெயர் விளித்தே அனுப்புவோம். பேச்சுத்தமிழில் இருக்கட்டும், அந்தந்த ஊர்வழக்கில் இருக்கட்டும். கேட்ட குழந்தை ஏதேனும் விடை அனுப்பினால், அது எந்த மொழிக் கலப்பில் இருந்தாலும், திருத்தாமல் அடுத்த கூட்டத்தில் ஒலிக்கச் செய்வோம். முதல் பதிவுக்கு என் பெயரை இன்றே எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது பெயரை இந்த அவையிலிருந்து அவரே பெற்றுக்கொள்வாராக.